தீர்த்துவிட்ட சீட்டு

எங்க சின்னம்மா மகள், எனக்குத் தங்கச்சி. பதினெட்டு வருசத்துக்கு முன்னால் குடித்துவிட்டு அடிக்கிற புருசனிடமிருந்து அவளைத் தீர்த்துவிட்டது எங்கள் சேரிப் பஞ்சாயத்து. இருபது ரூபாய் முத்திரைத்தாள், இரண்டு பக்கமும் கைநாட்டு, நாலு சாட்சி. அந்தத் தாளை எழுதியவன் நான். காலேஜ் படிக்கிற பையன் என்று என் கையில்தான் பேனாவைக் கொடுத்தார்கள். பிறகு அவள் இன்னொருவரைக் கட்டிக்கொண்டாள். நிரந்தரத் துப்புரவுப் பணியில் இருந்தவர். போன வருசம் செத்துப்போனார். குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போனவளிடம் அலுவலகத்தில் கேட்டார்கள்: "மொத புருசன் உசுரோட இருக்கானே, கோர்ட்டுத் தீர்ப்பு எங்கம்மா?"

அன்றிலிருந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் இந்த முறை வேறு எழுத மனம் வரவில்லை.

நம்மை 'அறுத்துக்கட்டுற சாதி' என்று ஏசினார்கள். ஒத்துவராத கட்டிலிருந்து பெண் வெளியே வரலாம், மறுபடி வாழலாம் என்பது அவர்களுக்கு ஏச்சாகப்பட்டது. சூத்திரர்களிடம் விவாகரத்து வழக்கமாகவே இருக்கிறது என்பதை இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா விவாதத்தில் அம்பேத்கர் எடுத்துச் சொன்னார். அந்த மசோதாவை முடக்கினார்கள். 1951இல் அவர் அமைச்சர் பதவியை உதறினார். பின்னால் 1955இல் வந்த இந்து திருமணச் சட்டம், 29(2) பிரிவில், வழக்கப்படியான விவாகரத்து உரிமையைத் தொடவில்லை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று, அதைச் சொல்லுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். 2002இல் உச்சநீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. முத்திரைத்தாளும் நோட்டரி சீலும் வழக்கத்துக்குச் சாட்சியாகலாம், விவாகரத்து ஆகிவிடாது. தலைமுறை தலைமுறையாக எழுத்தை மறுத்துவிட்டு, இப்போது எழுத்தைக் காட்டு என்கிறார்கள்.

தோழர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மேடையில் பெண்விடுதலை பேசிவிட்டு, தன் வீட்டு வழக்கை மட்டும் "கோர்ட்டெல்லாம் எதுக்கு, நாமளே பேசி முடிச்சுக்கலாம்" என்பவர்கள் நம்மிடம் இல்லையா? பஞ்சாயத்தில் உட்காருவது பூராவும் ஆண்கள். ஜீவனாம்சம் என்ற பேச்சே அங்கே எழாது. ஐயர் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் செய்ததால் கோர்ட் இல்லாமல் பிரியலாம் என்று ஒரு மாணவர் வாதாடினார். அந்தத் திருமணம் செல்லும் என்றது 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7ஏ பிரிவு. பிரிவதற்கு வழி மற்றவர்களுக்கு உள்ளதுதான். பௌத்தம் தழுவியவர்களுக்கும் இதே சட்டம்தான், பிடிக்கிறதோ இல்லையோ. கிறித்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டுச் சட்டம். அதில் புருசன் சோரம் போனதை மட்டும் காட்டினால் மனைவிக்குப் போதாது, கொடுமை போல இன்னொன்றும் காட்ட வேண்டும் என்றிருந்த அநியாயம் 2001இல்தான் நீங்கியது. சர்ச்சு ரத்து செய்தாலும் கோர்ட் தீர்ப்பு வேண்டும்.

நடைமுறை இதுதான். இருவரும் சம்மதித்தால் 13பி. ஒரு வருசம் பிரிந்திருந்து, சேர்ந்து மனுப் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி கோர்ட்டில் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். அதற்குள் ஒருத்தர் பின்வாங்கினால் மனு விழுந்துவிடும். தக்க காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்திருக்கிறது. சம்மதிக்காவிட்டால் கொடுமை, இரண்டு வருசம் கைவிட்டுப் போனது போன்ற காரணங்களை நிரூபிக்க வேண்டும். அவன் ஊருக்கு அலைய வேண்டாம். 2003 திருத்தத்துக்குப் பிறகு, மனைவி தான் குடியிருக்கிற இடத்துக் கோர்ட்டிலேயே போடலாம். வழக்கு நடக்கும்போதே 24ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் செலவும் கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை. தீர்ப்பு வந்த மறுநாளே மறுகல்யாணம் வைத்துவிடக் கூடாது, மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் ஏது என்பீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். சாதிச் சான்றிதழை இதற்கும் எடுத்துப் போங்கள்.

பஞ்சாயத்தில் ஏற்கெனவே தீர்த்துக்கொண்டவர்கள், அந்த வழக்கத்தை நிரூபித்து விளம்புகை கேட்டு வழக்குப் போடலாம். தங்கச்சிக்கு அதைத்தான் போட்டிருக்கிறோம். போன வாய்தாவில் எங்கள் ஊர்ப் பெரியவர் கூண்டேறினார். "எங்க அப்பன் காலத்துலேர்ந்து இப்படித்தான் தீர்த்து வுடுறோம்" என்றார். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் வக்கீல். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கள எங்க படிக்க வுட்டாங்க" என்றார்.

அடுத்த வாய்தாவுக்குச் சாட்சி நான். அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து.