ஒரே நாளில் ஐந்து அரண்மனையா?

நம் ஊர் ஆட்டோ ஐரோப்பாவில் ஓடுகிறது என்றால் நம்புவீர்களா? ஓடுகிறது!

போர்ச்சுகல் நாட்டின் தலைநகரம் லிஸ்பன். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் சிந்த்ரா என்ற மலை ஊர் இருக்கிறது. லிஸ்பனில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். இறங்கியதும் மூன்று சக்கர வண்டிகள் கண்ணில் படும். அவற்றுக்கு அங்கே ‘டுக்-டுக்’ என்று பெயர். நம்முடைய ஆட்டோவேதான், அலங்காரம் மட்டும் கொஞ்சம் கூடுதல். பல வண்டிகள் மின்சாரத்தில் ஓடுகின்றன.

வண்டி ஓட்டுகிறவரே வழிகாட்டி. ஒரு குடும்பம் பேசி அமர்த்திக்கொண்டால் வேறு ஆளை ஏற்றமாட்டார். மலைமேல் உள்ள அரண்மனைகளைக் காட்டிவிட்டு, அப்படியே கடற்கரைக்கும் அழைத்துப் போவார். ஆள் கூடுதல் என்றால் கார், ஜீப்பும் உண்டு.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று ஐரோப்பாவில் வேலை பார்க்கிறார்கள். அப்பா அம்மாவை வரவழைத்து ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். அவர்களுக்காகவும், வீட்டிலிருந்தபடியே உலகத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

“ஒரே நாளில் ஐந்து அரண்மனை, மூன்று கடற்கரை!” என்று ஆசை காட்டுவார்கள். இதற்கு மயங்காதீர்கள் என்பதே நம் யோசனை. காலையில் ஒன்று, மத்தியானத்துக்குள் இன்னொன்று, பிறகு கடல். ஒரு நாளைக்கு இது போதும். ஏன் போதும் என்று பார்ப்போம்.

பூட்டி வைத்த ராஜா

ஊரின் நடுவிலேயே ஓர் அரண்மனை இருக்கிறது. தூரத்தில் வரும்போதே இரண்டு வெள்ளைக் கூம்புகள் தெரியும். கோயில் கோபுரமோ என்று நினைப்போம். கோபுரமும் இல்லை, கொடிக்கம்பமும் இல்லை, சமையலறைப் புகைபோக்கிகள்! உயரம் சுமார் 108 அடி. அப்படியானால் அடுப்பு எவ்வளவு பெரிது, ஆக்கிப் போட்ட சாப்பாடு எவ்வளவு என்று தாய்மார்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

ஓர் அறையின் கூரை முழுவதும் கறுப்பும் வெள்ளையுமான பறவைகளை வரைந்திருக்கிறார்கள். 136 பறவைகள். ஓயாமல் கத்தும் சாதி அது. ராஜா முதலாம் ஜான், அந்தப்புரத்துப் பெண் ஒருத்திக்கு முத்தம் கொடுத்தாராம். ராணி பார்த்துவிட்டாராம். அரண்மனைப் பெண்கள் அதையே பேசிப் பேசிப் பொழுது போக்கினார்களாம். கோபம் கொண்ட ராஜா, தலைக்கு ஒன்றாகப் பறவை வரையச் சொல்லிவிட்டாராம். வம்பு பேசியவர்களுக்குத் தண்டனை. முத்தம் கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லை! கதை உண்மையோ பொய்யோ, பறவைகள் இன்றும் கூரையில் இருக்கின்றன.

அதே மாளிகையில் இன்னொரு அறை உண்டு. அங்கே சிரிப்பு வராது.

ஆறாம் அல்போன்சோ சிறு வயதிலேயே ராஜா ஆனவர். நோயாளி. நாட்டை ஆளத் தகுதி இல்லை என்று சொல்லி, தம்பி பெட்ரோ ஆட்சியைப் பறித்துக்கொண்டார். அண்ணனின் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வாங்கி, அண்ணியையும் கல்யாணம் செய்துகொண்டார். அண்ணனை முதலில் கடல் நடுவே ஒரு தீவுக்கு அனுப்பினார்கள். 1674ல் சிந்த்ராவுக்குக் கொண்டுவந்து இந்த அறையில் அடைத்தார்கள். ஒன்பது ஆண்டு! 1683ல் இங்கேயே உயிர் விட்டார். அவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்துவிட்டது என்கிறார்கள்.

கால் மணி நேரத்தில் ஓடிவிடுகிறவர்களுக்குப் புகைபோக்கி மட்டும்தான் ஞாபகம் இருக்கும். இந்த அறையில் நின்று கதை கேட்க நேரம் வேண்டும். சொல்லத் தெரிந்த ஆளும் வேண்டும். தனி வண்டிக்கு நாம் கொடுக்கும் கூடுதல் காசு அந்த வாய்க்குத்தான். வாய் திறக்காத வழிகாட்டி கிடைத்தால், பஸ்ஸிலேயே போயிருக்கலாம்.

மலை உச்சியில் மஞ்சளும் சிவப்பும்

சிந்த்ராவின் பெயரை உலகமெங்கும் பரப்பியது மலை உச்சியில் உள்ள பேனா அரண்மனை. ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் சிவப்பு. பிள்ளைகள் பார்த்தால் தேர்க்கடை பொம்மை வீடு என்பார்கள்.

முன்பு அந்த இடத்தில் சாமியார் மடம் இருந்தது. 1755ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் மடம் இடிந்தது. 1838ல் பெர்னாண்டோ அந்த இடத்தை வாங்கினார். இவர் ஜெர்மன் ராஜகுடும்பத்துப் பிள்ளை. விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட்டுக்குச் சித்தப்பா மகன். போர்ச்சுகல் ராணி இரண்டாம் மரியாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். சுரங்க என்ஜினீயர் ஒருவரைக் கொண்டு அரண்மனையைக் கட்டினார்.

அரண்மனையை விட அவர் வைத்த காடு பெரிது. அதற்கு முன் பெரும்பாலும் மொட்டைப் பாறையாக இருந்த மலை அது. அமெரிக்காவிலிருந்து ராட்சத மரம், ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து பெரணி மரம் என்று கொண்டுவந்து நட்டார். 200 ஏக்கருக்கு மேல் தோப்பு. கடல் மூடுபனி ஏறி வந்து மரங்களை நனைத்துக்கொண்டே இருக்கும். பல நாள் காலையில் கைக்கெட்டும் தூரத்து அரண்மனையே தெரியாது. ஒரு மணி நேரம் பொறுத்தால் திரை விலகுவது போல விலகும். அவசரக்காரர்கள் வெறும் பனியைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

ராணி 1853ல் இறந்தார். பல ஆண்டு கழித்து, 1869ல், எலீஸ் என்ற நாடகப் பாடகியைப் பெர்னாண்டோ மறுமணம் செய்துகொண்டார். 1885ல் அவர் கண்ணை மூடியதும் உயிலைப் பிரித்தார்கள். மலையும் மாளிகையும் பாடகிக்கே! ஊரே கொதித்தது. கடைசியில் 1889ல் அரசாங்கம் விலை கொடுத்து வாங்கியது. தோப்புக்குள் அந்த அம்மாளின் வீடு இருக்கிறது. சின்ன வீடு. அரண்மனைக்குப் போகிறவர்களில் அங்கே நடந்து போகிறவர்கள் குறைவு. அரண்மனையில் ஒரு கூடத்தைக் குறைத்துக்கொண்டாவது இதைப் பாருங்கள் என்று நாம் சொல்வோம்.

ராணி அமேலியின் கதை இன்னும் பரிதாபம். 1908ல் கணவரையும் மூத்த மகனையும் லிஸ்பன் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். இரண்டாவது மகன் பட்டத்துக்கு வந்தான். 1910 அக்டோபரில் புரட்சி. அமேலி அப்போது பேனா அரண்மனையில் இருந்தார். அங்கிருந்து புறப்பட்டுப் போய் மகனோடு சேர்ந்துகொண்டார். இருவரும் ஒரு மீன்பிடி ஊரில் கப்பல் ஏறினார்கள். அதோடு போர்ச்சுகலில் ராஜாங்கம் முடிந்தது.

இங்கே ஒரு விஷயம். பேனாவுக்கு வாங்கும் சீட்டில் உள்ளே போகும் நேரம் குறித்திருக்கும். அது அரண்மனை வாசலில் நிற்க வேண்டிய நேரம். வண்டி தோப்பு வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே ஏற அரை மணி ஆகும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிறு பஸ் இருக்கிறது.

நம் நாட்டுக் கல்

ஐந்து அரண்மனைக் கணக்கில் வராத ஓர் இடம், நமக்கு மிக வேண்டிய இடம். பென்யா வெர்டே என்ற பழைய தோட்ட வீடு. இது ஜுவாவ் டி காஸ்ட்ரோ என்பவருடையது. கோவாவில் போர்ச்சுகீசிய வைஸ்ராயாக இருந்து 1548ல் இறந்தவர். இறக்கும்போது பக்கத்தில் இருந்தவர் யார் தெரியுமா? நம் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே ஊழியம் செய்த புனித சவேரியார்தான். டியூ கோட்டையைப் பழுது பார்க்கப் பணம் இல்லாமல், தன் தாடி முடியை அடகாக அனுப்பிக் கடன் கேட்டார் என்று இவரைப் பற்றிச் சொல்வார்கள்.

அந்தத் தோட்டத்துக்கு நம் நாட்டுக் கல் ஒன்று போய்ச் சேர்ந்தது. குஜராத்தில் சோமநாதபுரத்தில் இருந்த சமஸ்கிருதக் கல்வெட்டு. 1287ஆம் ஆண்டுக்கு உரியது. அரசர் சாரங்கதேவர் காலத்தது. போர்ச்சுகீசியர் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். கல்வெட்டு ஆராய்ச்சிக்காரர்கள் அதைச் ‘சிந்த்ரா பிரசஸ்தி’ என்றே குறிப்பிடுகிறார்கள். சோமநாதபுரத்துக் கல்லுக்குச் சிந்த்ரா என்று பெயர்!

கொஞ்ச தூரம் தள்ளி மான்செராட் மாளிகை. பிரான்சிஸ் குக் என்ற ஆங்கிலத் துணி வியாபாரி கட்டியது. அதன் தோட்டத்திலும் ஒரு கல் வளைவு நிற்கிறது. அதுவும் இந்தியாவிலிருந்து, 1857 கிளர்ச்சிக்குப் பிறகு போனதே.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498ல். அப்போது ராஜாவாக இருந்த மானுவல், ஊர் நடுவே உள்ள அரண்மனையைப் பெரிதாக்கினார். மிளகும் பட்டையும் ஏற்றிய கப்பல்கள் வரிசையாக வந்த காலம் அது. ஆகவே, வேலைப்பாட்டைப் பார்த்து ஆச்சரியப்படும்போது, “இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது?” என்று வழிகாட்டியைக் கேளுங்கள். நல்ல வழிகாட்டி கூச்சப்படாமல் பதில் சொல்வார். கடைத்தெருவில் ‘கெய்ஜாடா’ என்று ஒரு பலகாரம் விற்கிறார்கள். பாலாடைக்கட்டி, சர்க்கரை, முட்டை சேர்த்துச் செய்வது. அதிலும் பட்டை வாசனை அடிக்கும்.

வைஸ்ராயின் மகன் 1560ல் காட்டுக்குள் ஒரு மடம் கட்டினார். அது அரண்மனைகளுக்கு நேர் எதிர். குளிரும் ஈரமும் தாக்காமல் இருக்க மரத்தக்கை ஒட்டிய குகை போன்ற அறைகள். கதவு அவ்வளவு தாழ்வு, குனிந்தால்தான் நுழையலாம். இது தவிர, காப்பிப் பணக்காரர் ஒருவர் கட்டிய ரெகலெய்ரா மாளிகையும் உண்டு. அங்கே 90 அடி ஆழத்துக்குச் சுழல்படி வைத்த கிணறு. தண்ணீர் எடுக்கக் கட்டியது இல்லை. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே கூட்டமும் அதிகம்.

ஊர்க்காரர்கள் பாடு

1995ல் யுனெஸ்கோ இந்த மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஊருக்குப் பெருமை. பெருமையோடு நெரிசலும் வந்தது. மலைப்பாதை குறுகலானது. பஸ், டுக்-டுக், ஜீப், கார் எல்லாம் அதிலேயே ஏறவேண்டும். வெளியூர்க்காரர் சொந்தக் காரை மலை உச்சிக்கு ஓட்டக் கட்டுப்பாடு வந்தது. அப்படியும் போதவில்லை. 2024ல் ஊர்க்காரர்கள் எதிர்ப்பு அட்டைகளை வீடுகளில் தொங்கவிட்டார்கள். கடைக்குப் போய் வர முடியவில்லை, நோயாளிக்கு வண்டி வந்து சேருமா என்ற பயம் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

நாம் அவர்கள் பக்கம்தான். ஐந்து அரண்மனைக்கு ஓடும் வண்டி, ஐந்து முறை அந்தச் சந்துகளை அடைக்கிறது. இரண்டோடு நிறுத்துகிற குடும்பம் பாதி நேரம் மரத்தடியில் நடந்துகொண்டிருக்கும். டுக்-டுக்கே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஓட்டுகிறவருக்கும் குடும்பம் இருக்கிறது. வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு, நிற்க ஓர் இடம், ஏற ஒரு நேரம் என்று அந்த ஊர் நகரசபை கண்டிப்பு காட்டினால், பயணிகள் முணுமுணுக்கக் கூடாது.

கடலுக்கு வண்டி நல்லது

கடலோரத்துக்கு மட்டும் தனி வண்டி உண்மையிலேயே உதவும். இடத்துக்கு இடம் தூரம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம். பாறை மேல் ஒட்டிக்கொண்ட வெள்ளை வீடுகளோடு அஸெஞ்ஞாஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பத்து நிமிஷம் நின்றாலே மனம் குளிரும்.

ரோக்கா முனை, ஐரோப்பாக் கண்டத்தின் மேற்குக் கோடி. சுமார் 460 அடி உயரப் பாறை. கீழே அட்லாண்டிக். 1772லிருந்து கலங்கரை விளக்கம் உண்டு. வாஸ்கோ ட காமாவின் பயணத்தைக் காவியமாகப் பாடியவர் கமோயன்ஸ். அவருடைய வரி ஒன்றை அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவரும் கோவாவில் வாழ்ந்தவர்தான்.

காற்று ஆளைத் தள்ளும். கோடையிலும் கம்பளிச் சட்டை வேண்டும். சேலை கட்டியவர்கள் முந்தானையை இறுகச் செருகிக்கொள்ளுங்கள். வேலியைத் தாண்டவே கூடாது. 2014 ஆகஸ்டில், படம் எடுப்பதற்காக ஓரத்துக்குப் போன ஒரு தம்பதி, பெற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார்கள்.

அங்கிருந்து தெற்கே கின்ஷோ மணல்வெளி. பிறகு கஸ்காயிஸ். ராஜகுடும்பம் 1870 முதல் கோடைக்கு வந்து தங்கிய மீனவர் ஊர்.

வண்டி பேசும்போது நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை மணி நேரம்? அரண்மனைச் சீட்டும் சேர்த்தா, தனியா? எங்கே இறக்கிவிடுவீர்கள்? காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா? பதிலை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கஸ்காயிஸிலேயே கணக்கை முடித்து வண்டியை அனுப்பிவிடலாம். அங்கிருந்து லிஸ்பனுக்கு ரயில் இருக்கிறது. நாற்பது நிமிஷம் போலத்தான் ஆகும். பெட்டியில் வலது கைப்பக்கம் உட்காருங்கள். லிஸ்பன் வரும்வரை தண்ணீர் கூடவே வரும்.