ஆனைமலை வழியும் 'விநோதங்கள்' என்னும் பட்டியலும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடம் மீனாட்சிபுரம். ஓர் இரயில் நிலையம், சோதனைச் சாவடிகள், கேரள அரசின் பால் பரிசோதனை மையம், இருபுறமும் தென்னந்தோப்புகள். இங்கே வண்டியை நிறுத்திப் பார்ப்பதற்கு ஏதுமில்லை என்பதே பயண வழிகாட்டிகளின் முடிவு. அவற்றில் 'உள்ளூர் வழக்கங்கள், உணவு, விநோதங்கள்' என்று தலைப்பிட்ட பகுதி, மலை ஏறிய பின்னரே தொடங்கும். பரம்பிக்குளத்துப் பெருந்தேக்கு, காடர் பெண்களின் மூங்கில் சீப்பு, முதுவர் வீட்டுக் கேழ்வரகுக் களி, மலைத்தேன், கள்ளுக்கடை மீன்கறி என்று அந்தப் பட்டியல் நீளும். பல்கலைக்கழக ஆய்வேடுகளின் 'ஆய்வுக்களம் அறிமுகம்' என்னும் இயலும் பெரும்பாலும் இதே பட்டியல்தான். அடிக்குறிப்புகள் மட்டும் கூடுதல்.

இப்பட்டியலில் பொய் ஏதும் இல்லை. பொருள்கள் உண்மையானவை, வழக்கங்களும் உள்ளவையே. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை விநோதமாகத் தோன்றுவதற்கு மலை காரணமன்று. ஏதோவொரு சட்டமோ, மாநில எல்லைக்கோடோ, வன ஆணையோதான் அவற்றை விநோதமாக்கியிருக்கிறது. அந்தக் காரணத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பொருளை மட்டும் பயணியின் கையில் கொடுப்பதுதான் இவ்வகை எழுத்தின் அடிப்படைக் குற்றம்.

கள்ளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலிருந்து இறக்கப்படும் கள் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் செல்கிறது. அங்கே அது உரிமம் பெற்ற தொழில். கள் இறக்கும் தொழிலாளர்க்கென 1969இலேயே நலநிதிச் சட்டம் இயற்றிய மாநிலம் அது. எல்லைக்கு இப்பால், பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பிலும் அதே தென்னைதான். ஆனால் 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும் வேலையில் இரு பக்கமும் வேறுபாடில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும், தடவாவிட்டால் கள்ளாகும். ஒரு விரல் சுண்ணாம்புதான் தமிழ்நாட்டில் உழவரையும் குற்றவாளியையும் பிரிக்கிறது. தடையை நீக்கக் கோரிக் கொங்குப் பகுதி உழவர் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகின்றன. 2017இல் நீரா இறக்க மட்டும் அனுமதி கிடைத்தது. இவ்வளவும் ஒரு சாலையின் இரு ஓரங்களில் நடக்கும்போது, வழிகாட்டி நூலில் எஞ்சுவது 'கேரளத்துக் கள்ளுக்கடை உணவைச் சுவைக்கத் தவறாதீர்' என்னும் ஒற்றை வரி. மீன்கறியின் காரம் பதிவாகிறது; மரமேறியின் தொழிலுரிமை எங்கே முடிகிறது என்பது பதிவாவதில்லை.

இதனினும் பெரிய எடுத்துக்காட்டு பரம்பிக்குளம் செல்லும் சாலை. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. முதலமடை ஊராட்சிக்கு உட்பட்டது. 2010இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அங்கு செல்லும் தார்ச்சாலை தமிழ்நாட்டின் வழியாகவே ஏறுகிறது. கேரளத்துப் பயணி எல்லையைக் கடந்து, சேத்துமடை வந்து, டாப்சிலிப் ஏறி, ஆனைமலைக் காப்பகத்தின் ஊடாகச் சென்று மீண்டும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். இரண்டு மாநில வனத்துறைச் சாவடிகள், இரண்டு கட்டணங்கள். 'வேற்று மாநிலத்தின் வழியாக மட்டுமே செல்லக்கூடிய கேரளக் காடு' என்று இது வியப்புச் செய்தியாக எழுதப்படுகிறது. படிக்கச் சுவையாகவே இருக்கிறது.

அக்காட்டில் காடரும் மலசரும் மலைமலசரும் முதுவரும் குடியிருக்கின்றனர். பயணிக்கு ஆண்டில் ஒருநாள் விநோதமாக அமைவது அவர்களுக்கு அன்றாடச் சுமை. ஊராட்சி அலுவலகம், வட்ட அலுவலகம், மாவட்ட மருத்துவமனை எதற்குச் செல்வதானாலும் தம் சொந்த மாநிலத்தை விட்டு வெளியேறி மீண்டும் உள்ளே வர வேண்டும். 2020இல் பெருந்தொற்றின்போது மாநில எல்லைகள் மூடப்பட்டன. ஒரே மாவட்டத்துக்குள் செல்ல வேண்டியவர்களின் வழியில் மாநில எல்லை இருமுறை குறுக்கே நின்றது. அவ்வாண்டு அக்டோபரில், பரம்பிக்குளம் பகுதியைச் சேர்ந்த தேக்கடிப் பழங்குடியினர் (பெரியாற்றுத் தேக்கடி வேறு, இது வேறு) மலைக்குக் கீழே கேரளத்துக்குள்ளேயே இருக்கும் செம்மணாம்பதியை நோக்கித் தாமே காட்டில் வழி வெட்டத் தொடங்கினர். செம்மணாம்பதி கோவிந்தாபுரத்தை அடுத்தது, மீனாட்சிபுரத்திலிருந்தும் தொலைவில்லை. அரசின் சாலைக்காகக் காத்திருந்து அலுத்தவர்கள் அதைப் போராட்டமாகவே செய்தார்கள். வனச்சட்டத்தின் கண்ணில் அது அத்துமீறல். மலைமக்களின் 'வழக்கங்கள்' பற்றி எழுதுவோர் இந்த வழிவெட்டலையும் ஒரு வழக்கமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். மூங்கில் சீப்பைக் காட்டிலும் அவர்களைப் பற்றி அது அதிகம் சொல்கிறது.

சாலை ஏன் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து ஏறுகிறது என்ற வினாவுக்கு விடை நீரில் இருக்கிறது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய அணைகள் கேரள மண்ணில் உள்ளன. அவற்றை இயக்குவது தமிழ்நாடு. 1970 மே மாதம் கையெழுத்தாகி 1958 நவம்பர் முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம், மேற்கே ஓட வேண்டிய நீரைக் கிழக்கே திருப்பியது. சித்தூர்ச் சமவெளிக்கு உரிய 7.25 டி.எம்.சி. நீரை ஆழியாற்றின் வழியாக மணக்கடவில் கேரளம் பெற்றுக்கொள்கிறது. காடர் குடியிருப்பிலிருந்து ஒருவர் சித்தூருக்கு வர வேண்டுமானால் தமிழ்நாட்டைச் சுற்றி வருகிறார்; அம்மலையின் நீர்க்கணக்கும் தமிழ்நாட்டைச் சுற்றியே சித்தூர் வயலை அடைகிறது. நீருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, பேச்சுவார்த்தைக்கு அலுவலர்கள் இருக்கிறார்கள். மனிதருக்கு அவ்வாறு எதுவும் எழுதி வைக்கப்படவில்லை.

கன்னிமாரா தேக்கின் கதையும் இவ்வகையானதே. ஏறத்தாழ ஏழு மீட்டர் சுற்றளவுள்ள அம்மரத்தை வெட்ட முயன்றபோது குருதி பீறிட்டதென்றும், அதனால் மலைமக்கள் அதனைக் கன்னியாகக் கருதி வழிபடுகின்றனர் என்றும் ஒவ்வொரு பயணிக்கும் சொல்லப்படுகிறது. கதை அழகானது, ஐயமில்லை. ஆனால் அம்மரம் ஏன் தனித்து நிற்கிறது என்று எந்த வழிகாட்டியும் கேட்பதில்லை. கொச்சி அரசு 1907 முதல் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு ஒரு காட்டு டிராம் பாதையை நடத்தியது. அதன் நோக்கம் மரம் கடத்திச் செல்வது. மலையின் மறுபுறம், உச்சியிலிருந்து கட்டைகளைச் சரித்து இறக்கிய இடமே டாப்சிலிப் என்று பெயர் பெற்றது. குருதி சிந்திய கதையைச் சொல்லும் அதே நாவில், குருதி சிந்தாமல் டிராமில் ஏறிச் சென்ற மரங்களின் செய்தியும் வர வேண்டாமா? ஒரு மரம் தெய்வமானது பிற மரங்கள் சரக்கான காலத்தில்தான் என்று ஊகிப்பதற்கேனும் இடமளித்திருக்கலாம்.

பட்டியலிடும் இப்பழக்கத்துக்குச் சுற்றுலாத்துறையை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. அதன் மூலம் கல்விப்புலத்திலேயே இருக்கிறது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் ஆனைமலைக் காடரின் மூக்கையும் தலையையும் அளந்தார்; முன்பற்களைக் கூராகச் செதுக்கிக்கொள்ளும் வழக்கத்தைப் படமெடுத்து, 1909இல் வெளியான தம் ஏழு தொகுதிகளில் சேர்த்தார். அதே ஆண்டில் வெளிவந்த, பாலக்காட்டுக்காரரான எல். கே. அனந்தகிருஷ்ண ஐயரின் கொச்சிக் குலங்களும் சாதிகளும் பற்றிய நூல் இன்னும் நெருக்கமான பார்வை கொண்டது. எனினும் அதன் இயல் பகுப்பும் தோற்றம், திருமணம், உணவு, சமயம் என்னும் வரிசையே. அக்காலத்தில் காடர் அரசின் காடுபடு பொருள்களைச் சேகரிக்கும் உழைப்பாளிகளாகவும் இருந்தனர். செதுக்கிய பல் இன்று ஏறக்குறைய இல்லை. காட்டின்மீது எவர்க்கு உரிமை என்னும் வினாவோ இன்றும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ், அண்டையிலுள்ள வாழச்சால் காட்டில் ஒன்பது காடர் குடியிருப்புகள் 2014இல் சமூக வன உரிமை பெற்றன. வள்ளிக்கிழங்கு தோண்டுவதும் தேனெடுப்பதும் 'பழங்குடி உணவு' என்னும் அரும்பொருள் நிலையிலிருந்து சட்டப்படியான உரிமை நிலைக்கு மாறிய அந்த ஆண்டை, களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் எத்தனை பேர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு செல்கிறார்கள்?

இங்கே ஒரு மறுப்பு எழும். சட்டம், ஒப்பந்தம், உரிமை என்று பேசிப் பேசி வழக்கங்களையே ஆய்வுக்கு அப்பாற்பட்டவையாக ஆக்கிவிடலாமா? கூடாது. ஆனைமலைத் தொடர் தெற்கே இடுக்கி மாவட்டத்துக்குள் நீளும் இடத்தில், மூணாற்றுக்கு அப்பால், இடமலைக்குடி இருக்கிறது. முதுவர் வாழும் ஊர். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராம ஊராட்சியாக அமைந்தது. மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறியவர்கள் தாங்கள் என்பது முதுவரிடையே வழங்கும் கதைகளுள் ஒன்று. அவர்களுடைய வாலாமைப்புரை, அதாவது மாதவிலக்கு நாள்களில் பெண்கள் ஒதுங்கியிருக்கும் குடில், பயணக்குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் 'விநோதம்'. அக்குடிலில் தங்குவதைத் தவிர்ப்பதற்காக முதுவப் பெண்கள் கருத்தடை மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வதும், அதனால் அவர்கள் உடல்நலம் கெடுவதும் கேரளச் செய்தித்தாள்களில் பதிவாகியுள்ளன. இதை அறிந்த பிறகும் 'தொன்மை மாறாத மக்கள்' என்று எழுதுவது மரியாதையன்று. பெண்களின் எதிர்ப்பு மாத்திரை வடிவில் இருந்தால் அது பண்பாட்டில் சேராது என்பதுதான் அவ்வாறு எழுதுவதன் பொருள்.

அதே இடமலைக்குடி இன்னொரு செய்தியையும் தருகிறது. பெருந்தொற்றின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவ்வூரில் ஒருவருக்கும் நோய் காணப்படவில்லை. வெளியாரை உள்ளே விடுவதில்லை என்று ஊரார் தாமே முடிவு செய்து காத்துக்கொண்டனர். 2021ஆம் ஆண்டின் நடுவில் மக்கள் பிரதிநிதி ஒருவருடன் ஒரு காணொளிப் பதிவரும் அங்கு சென்றது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அவ்வாண்டு ஜூலையில் அங்கு முதல் தொற்று கண்டறியப்பட்டது. ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று கூற வேண்டியதில்லை. அக்காரணம் நிறுவப்படாவிட்டாலும் வாதம் நிற்கும். 'வராதீர்' என்று ஓர் ஊர் சொன்னது. அச்சொல்லே அவ்வூரின் மிக அண்மைக்கால வழக்கம். விநோதம் தேடி வந்தவருக்கு அது மட்டும் விநோதமாகவும் படவில்லை, விதியாகவும் படவில்லை.

ஆய்வாளருக்கும் இது பொருந்தும். வனத்துறையின் அனுமதிக் கடிதம் ஒன்றைப் பெற்றுவிட்டால் குடியிருப்பாரின் அனுமதியும் அதில் அடங்கிவிட்டதாகக் கருதுவது தமிழகப் பல்கலைக்கழகங்களிலும் கேரளப் பல்கலைக்கழகங்களிலும் ஒன்றுபோலக் காணப்படும் பழக்கம். துறைகளின் நெறிமுறைக் குழுக்கள் வினாநிரலைச் சரிபார்க்கின்றன. ஊர்க்கூட்டத்தின் ஒப்புதல் பெறப்பட்டதா என்று கேட்பவை சில. பரம்பிக்குளத்தில் மாலை வேளைகளில் பயணிகளுக்கென நிகழும் பழங்குடி நடனத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்து, அதனையே 'களத்தரவு' என்று சமர்ப்பிக்கும் ஏடுகளும் உண்டு. அந்நடனம் போலியென்று கூறுவதற்கில்லை. அது கூலிக்குச் செய்யப்படும் வேலை. வேலையாக எழுதினால் நல்ல ஆய்வாகும். சடங்காக எழுதினால் சுற்றுலாக் கையேடாகும்.

இனி, மலை ஏறுவதற்கு முன் விட்டுச் சென்ற சமவெளிக்குத் திரும்பலாம். மீனாட்சிபுரம் சாலையிலேயே பிளாச்சிமடை இருக்கிறது. குளிர்பான ஆலை உறிஞ்சிய நிலத்தடி நீருக்காக எரவாளர் சமூகத்து மயிலம்மா முன்நின்று போராடிய ஊர். ஆலை 2004இல் உற்பத்தியை நிறுத்தியது. இன்னொரு பக்கம், செம்மணாம்பதிக்கு அருகே, கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி. தமிழகத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய சக்கிலியர் வாழும் இடம். தேநீர்க் கடையில் தனிக் குவளை, பொதுக் குழாயில் தனி வரிசை என்னும் புகார்கள் அங்கிருந்து பலமுறை எழுந்து, 2017இல் கேரளம் முழுவதும் பேசப்பட்டன. உள்ளூர் வழக்கம், உணவு, விநோதம் என்னும் மூன்று தலைப்புகளுக்கும் பொருந்துவது அந்தத் தேநீர்க் குவளை. மலைத்தேனுக்கும் மூங்கில் சீப்புக்கும் இடம் ஒதுக்கும் வழிகாட்டிகளில் அதற்கு ஒரு வரியும் இல்லை. பரம்பிக்குளம் செல்லும் வண்டிகள் அவ்வழியாகத்தான் போகின்றன.