சீட்டு வாங்கின பிள்ளையும் வாங்காத பிள்ளையும்

போன வாரம் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஜோக் வந்தது. ஒரு தலைவருடைய மகளின் தோற்றத்தைப் பற்றி. நானும் சிரித்துவிட்டு நாலு பேருக்குத் தள்ளிவிட்டேன். எட்டாவது படிக்கும் என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு எலக்‌ஷன்ல நிக்குதாப்பா?" என்றாள். "இல்லம்மா, ஸ்கூல்ல படிக்குது." "அப்புறம் ஏன்ப்பா?"

என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

வாரிசு அரசியலுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை மக்களே. நான் பிழைக்க வந்த இந்த ஆனேக்கல், பெங்களூரு ரூரல் மக்களவைத் தொகுதியில் வருகிறது. 2024-ல் இங்கே மோதியவர்கள் யார்? தேவகவுடாவின் மருமகன் டாக்டர் மஞ்சுநாத், டி.கே.சிவகுமாரின் தம்பி டி.கே.சுரேஷ். ஜெயித்தது மருமகன். 2019-ல் மண்டியாவில் நிகில் நின்றபோது அவர் அப்பா குமாரசாமிதான் முதல்வர். "அப்பா முதல்வர் என்பதால்தானே சீட்டு?" என்பது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. "குடும்பத்தை இழுக்காதீங்க" என்று இதிலிருந்து நழுவ முடியாது. (நிகில் சுமலதாவிடம் தோற்றார் என்பது வேறு கதை.)

ஆனால் நின்றவர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. லாலுவின் மகள் ரோகிணி 2022 டிசம்பரில் சிங்கப்பூரில் அப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுத்தார். 2024-ல் சரண் தொகுதியில் நின்றார். அப்போது பீகார் பா.ஜ.க. தலைவராக இருந்த சாம்ராட் சௌத்ரி, மகளிடம் கிட்னியை வாங்கிக்கொண்டுதான் லாலு சீட்டு கொடுத்தார் என்கிற மாதிரி பேசினார். வாரிசு என்று திட்டுங்கள், சரி. அப்பாவின் உயிரைக் காப்பாற்றியதைக் கேலி செய்வதா?

2008-ல் அமெரிக்காவில் சாரா பேலினின் பதினேழு வயது மகள் கர்ப்பம் என்று செய்தி வந்தது. எதிர் அணியின் ஒபாமா, பிள்ளைகளைத் தொடாதீர்கள் என்றார். தன் அம்மாவும் தன்னை 18 வயதில் பெற்றவர்தான் என்றார். அந்தத் தேர்தலில் அவர் ஒன்றும் தோற்றுவிடவில்லையே!

"அப்படியானால் அமைச்சர் பிள்ளை எந்த ஸ்கூலில் எத்தனை மொழி படிக்கிறது என்று கேட்கக் கூடாதா?" என்பீர்கள். 2025 மும்மொழிச் சண்டையில் நிறையக் கேட்ட கேள்வி. தாராளமாகக் கேளுங்கள், அப்பாவிடம். ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்றால் அது அவருடைய முரண்பாடு. அதற்குப் பிள்ளையின் பெயரும் போட்டோவும் எதற்கு? என் மகள் இங்கே பள்ளியில் கன்னடம் படிக்கிறாள். அது நான் எடுத்த முடிவு, அவளுடையது இல்லை.

தேர்தல் நடத்தை விதியே, பொதுவாழ்க்கையோடு சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கையை விமர்சிக்காதே என்கிறது. 2024 பிப்ரவரியில் தேர்தல் ஆணையம் பிரச்சாரத்தில் குழந்தைகளைப் பயன்படுத்தவே கூடாது என்றும் சொன்னது. "அவங்களே மேடையில ஏத்தறாங்களே" என்றால், ஏற்றிய அப்பனைக் கேளுங்கள்.

சீட்டு வாங்கினால் வேட்பாளர். வாங்காதவரை நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

அந்த நாலு பேருக்கும் நேற்று மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மூன்று பேர் பதில் போடவில்லை. ஒருவர் மட்டும், "எனக்கும் பொண்ணு இருக்கு அண்ணே" என்றார்.