லண்டனுக்கு மிளகாய் விதை எதற்கு?

லண்டனில் மகன் குடும்பத்தோடு இருக்கிறான். அவனைப் பார்க்க அம்மா புறப்படுகிறாள்.

பெட்டியில் என்ன இருக்கிறது? பருப்புப் பொடி இருக்கிறது. வடகம் இருக்கிறது. நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கிறது. சேலை மடிப்புக்குள் ஒரு சிறு காகிதப் பொட்டலமும் இருக்கிறது. அதில் மிளகாய் விதை!

"அங்கே கடை மிளகாயில் காரமே இல்லை என்று மருமகள் சொல்கிறாள். நாலு விதை கொண்டுபோய்த் தொட்டியில் போட்டால் என்ன?" இதுதான் அம்மாவின் எண்ணம்.

எண்ணம் நல்லதுதான். குளிர் நாட்டிலும் மிளகாய் காய்க்கும். ஜன்னல் ஓரத்திலேயே காய்க்கும். வீட்டுக்கு ஒரு செடி அவசியம் வைக்க வேண்டும். ஆனால், அந்தப் பொட்டலம் மட்டும் வேண்டாம் என்பது என் கட்சி.

பொட்டலத்தில் வரும் நோய்

வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்கு மிளகாய் விதை கொண்டுபோவதானால், அதற்குப் பயிர் நோய் இல்லை என்ற அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். ஐரோப்பிய நாடுகளிலும் அப்படித்தான். 2019-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி முதல் அங்கே இந்தச் சட்டம் இன்னும் கடுமையாகிவிட்டது. சான்றிதழ் இல்லாத விதையை விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள்.

"நாலு விதைக்கு இத்தனை கெடுபிடியா?" என்று கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. தக்காளியையும் மிளகாயையும் தாக்கும் வைரஸ் நோய் ஒன்று உண்டு. பழத்தில் பழுப்புத் திட்டு விழும். தோல் சுருங்கும். 2014-ல் இஸ்ரேலிலும், 2015-ல் ஜோர்டானிலும் தக்காளித் தோட்டங்களில் தலைகாட்டியது. 2019-ல் இங்கிலாந்துக்கே வந்துவிட்டது. மனிதர்களுக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆனால் கண்ணாடிக் கொட்டகையில் தக்காளி வளர்த்துப் பிழைப்பவனுக்கு அடுப்பு எரியாது!

இந்த நோய் விதையில் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகிறது. கையில் ஒட்டும். துணியில் ஒட்டும். கத்தியில் ஒட்டும். விதையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாம் கொண்டுபோகும் விதையில் நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று நம்மால் சொல்ல முடியுமா? அதுதான் கேள்வி.

ஊர் மிளகாய் ஊரில்தான்

இன்னொரு காரணமும் உண்டு. அம்மா கொண்டுபோகும் விதை அங்கே ஊர் மிளகாயைத் தராது.

ராமநாதபுரம் குண்டு மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த மிளகாய் அது. அந்த மண்ணுக்கும் அந்த வெயிலுக்கும் உரிய சரக்கு என்பதற்குத்தானே அந்தக் குறியீடு? வானம் பார்த்த பூமியில் விளைவது, மழையும் மூட்டமுமான ஊரில் ஜன்னல் ஓரம் வந்து அதே குணத்தைக் காட்டுமா?

அதற்காக மனம் தளர வேண்டாம். மிளகாய் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத செடி. அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியதுதான் நம் மிளகாயும். அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகைத்தான் நம்பினார்கள்.

குளிர் நாட்டார் மிளகாயை விட்டுவைக்கவும் இல்லை. ஹங்கேரியில் குளிர்காலத்தில் பனி கொட்டும். அங்கே கலோச்சா, செகெட் என்ற இரு ஊர்களும் மிளகாய்க்குப் பேர்போனவை. செகெட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்ற விஞ்ஞானி வேலை பார்த்தார். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் மனைவி குடமிளகாய் வைத்தாராம். அவருக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் பயம்! சோதனைச் சாலையில் ஆராயப் போகிறேன் என்று தட்டை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டாராம். ஆராய்ந்தால், அதில் வைட்டமின் சி ஏராளம்! 1937-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதையைச் சொன்னவர் அவரேதான்.

இங்கிலாந்தில் டார்செட் என்ற கடலோர மாவட்டம் இருக்கிறது. அங்கே ஒரு தம்பதி, வங்காளதேசத்தார் நடத்திய கடையில் நாகா மிளகாய் வாங்கினார்கள். அதன் விதையைப் போட்டு, நல்ல செடிகளைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார்கள். டார்செட் நாகா என்று பெயர் வைத்தார்கள். 2006-ல் அதன் காரம் 9 லட்சம் ஸ்கோவில் அளவைத் தாண்டியதாகச் செய்தி வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆகவே, குளிர் நாட்டு மிளகாயில் காரம் இருக்காது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்!

வீட்டுச் சமையலுக்கு அத்தனை காரம் எதற்கு என்பது வேறு விஷயம். யார் அதிகக் காரம் தின்பது என்று பந்தயம் கட்டுகிறார்கள். அந்தக் கூத்து எனக்குப் பிடிக்காது.

எப்படி வளர்ப்பது?

அம்மா கொண்டுபோக வேண்டியது பக்குவம். அதற்குச் சான்றிதழ் வேண்டாம்.

விதையை அந்த ஊர்க் கடையிலேயே பாக்கெட்டாக வாங்கலாம். சிறிய காய் காய்க்கும் ரகமாக வாங்குங்கள். அது சீக்கிரம் பழுக்கும். பெரிய காயும், அதிகக் கார ரகமும் பழுக்க நாள் பிடிக்கும். அதற்குள் குளிர் வந்துவிடும். ஹங்கேரியன் ஹாட் வாக்ஸ் என்ற மஞ்சள் மிளகாய் குளிருக்குத் தோதானது. நீளமானது, காரம் மட்டு. பஜ்ஜிக்கு அருமை!

பிப்ரவரியிலேயே விதை போட்டுவிட வேண்டும். வெளியே குளிராக இருக்கிறதே என்று தயங்கினால் கோடை கைநழுவிப் போகும். விதை முளைக்க நல்ல வெப்பம் தேவை. அந்த வெப்பம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெந்நீர்த் தொட்டி வைத்த அலமாரியில் வைக்கலாம். இரண்டு வாரத்தில் முளை தெரியும். சில நாள் கூடுதலும் ஆகலாம்.

முளை தெரிந்ததும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நெட்டையாகிவிடும்.

எந்த ஜன்னல்? தெற்குப் பார்த்த ஜன்னல். வாஸ்து அல்ல, சூரியன்! அந்த நாடுகளில் சூரியன் தலைக்கு மேல் வருவதே இல்லை. தெற்கு வானத்தில் சாய்ந்தே போகிறது. லண்டனில் டிசம்பர் மாதப் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. ஜூன் மாதத்தில் 16 மணி நேரத்துக்கு மேல். மிளகாய்ச் செடி இந்த நீண்ட பகலைத்தான் நம்பியிருக்கிறது.

இரவில் திரைச்சீலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே செடியை விட்டுவிடாதீர்கள். அந்த இடுக்கில் குளிர் தேங்கும். செடியைத் திரைக்கு இந்தப் பக்கம் எடுத்து வைக்க வேண்டும். 12 டிகிரிக்குக் கீழே போனால் செடி வளர்ச்சி குன்றும். உறைபனி பட்டால் ஒரே இரவில் கருகிவிடும். இங்கிலாந்தின் பல பகுதிகளில் மே மாதத்திலும் உறைபனி விழுவது உண்டு. ஆகையால் ஜூன் பிறக்கும் வரை செடியைப் பால்கனியில் விட வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம்மவர்கள் கெடுத்துவிடுகிறார்கள். காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு என்பது நம் ஊர் வெயிலுக்குச் சரி. அங்கே வேர் அழுகிவிடும். மேல் மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

பூ விட்டதும் தக்காளிக்கு விற்கும் சாம்பல் சத்து உரத்தைத் தண்ணீரில் கரைத்து விடலாம். வீட்டுக்குள் காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. பூத்த கிளையை விரலால் மெல்லச் சுண்டிவிட வேண்டும். இந்த வேலையைப் பேரப் பிள்ளைகளிடம் விடுங்கள். மிளகாய் பாக்கெட்டில் காய்ப்பதல்ல என்று அவர்கள் கண்டுகொள்வார்கள். தினமும் செடியைப் பார்ப்பார்கள். பாட்டி ஊருக்குத் திரும்பிய பிறகு, "இன்று மூன்று பூ!" என்று போனில் சொல்வார்கள். விதைப் பொட்டலம் இல்லாமலே அம்மாவின் கை அங்கே இருக்கும்.

அசுவினிப் பூச்சி வந்தால் மருந்து தேடி ஓட வேண்டாம். இலையின் அடிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டால் போதும்.

நம் ஊட்டிக்காரர்களுக்கும் கொடைக்கானல்காரர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். பகல் நேரம் அங்கே போதுமானது. டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு மட்டும் தொட்டியை உள்ளே எடுத்துவிட வேண்டும்.

குளிர்காலம் வந்ததும் செடி செத்தது என்று பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அது அநியாயம். மிளகாய் ஒரு வருஷச் செடி அல்ல. காய் முடிந்ததும் கிளைகளைக் கழித்துக் கட்டையாக விடுங்கள். சூடான அறையில் ஓரமாக வைத்து, எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் காட்டுங்கள். மார்ச் மாதம் அந்தக் கட்டையில் பச்சைத் துளிர் விடும். முதல் வருஷச் செடியைவிட அது முந்திக் காய்க்கும்.