எலும்பு கூடவில்லையா? வாய் திறந்து கேளுங்கள்!

தோழர்களே! செம்பனைக் குலை விழுந்து கால் முறிந்தால், "மாவுக்கட்டு போட்டாச்சு, தானா கூடிடும்" என்று இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் கூடிவிடும். சிலருக்கோ மாதக்கணக்கானாலும் கூடுவதில்லை.

எலும்பை அழுத்தினால் அதில் மின்சாரம் உண்டாகிறது என்று 1957-இல் ஜப்பானியர்களான ஃபுக்காடாவும் யசுடாவும் காட்டினார்கள். பிறகு, உடம்புக்குள் வைக்கும் சிறு பேட்டரிக் கருவி வந்தது. அமெரிக்கா அதை அனுமதித்தது. முறிந்த இடத்தில் வைத்த கம்பி வழியாகச் சில மாதம் மிகச் சிறிய மின்சாரம் பாய்ச்சி, எலும்பு வளரத் தூண்டும்.

இது எல்லாருக்கும் தேவையில்லை; அறுவை செய்துதான் வைக்கணும். ஆனால் கூடாத எலும்புக்கு வழியே இல்லை என்று நொண்டிக்கொண்டே வேலைக்குப் போகாதீர்கள். புகையை விடுங்கள், மறு எக்ஸ்ரேக்குப் போங்கள், விபத்தைச் சொக்சோவில் பதியுங்கள். "ஏன் கூடலே டாக்டர், வேறு என்ன வழி?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை!