பேய்க்கு எத்தனை வாட் வேண்டும்?

போன வருஷம் அக்டோபரில் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். அக்டோபர் 31 அங்கே ஹாலோவீன். நம் புதுச்சேரியில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்களே, அதற்கு இரண்டு நாள் முந்தி வருவது. அங்கே அது பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் நாளாகிவிட்டது. சில வீடுகளில் கார் நிறுத்தும் கராஜைக் காலி செய்து, கறுப்புத் துணி கட்டி, உள்ளே பேய் வீடு அமைக்கிறார்கள். கட்டணம் கிடையாது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும்.

பதினான்கு வயதுப் பேரனும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும் எங்கள் கராஜைப் பிடித்துக்கொண்டார்கள். தினமும் ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. பளிச் பளிச்சென்று வெட்டும் ஸ்ட்ரோப் விளக்கு, பச்சை லேசர், நிறம் மாறும் எல்இடி சுருள், புற ஊதாக் குழல் விளக்கு, புகை கக்கும் இயந்திரம். நம் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு சீரியல் லைட் போடுகிறவர் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஒத்திகை இரவு முதல் ஆளாக என்னை உள்ளே அனுப்பினார்கள். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. எலும்புக்கூடு எங்கே, பரண் எங்கே, பழைய சைக்கிள் எங்கே என்று எல்லாம் தெரிந்தது. பயம் மட்டும் வரவில்லை. கடைசியில் வீட்டுக்குள் ஏறும் இடத்தில் ஒரு படி இருக்கிறது. ஸ்ட்ரோப் வெட்டும்போது என் காலும் படியும் தனித்தனிப் படங்களாகத் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் தெரியவில்லை. முழங்கால் இடித்துக்கொண்டது.

"பயந்துட்டீங்களா தாத்தா?" என்றான், பெருமையாக.

"பயப்படலடா. கண்ணு கூசுது."

அன்றிலிருந்து ஒரு வாரம் எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம். இதை எழுதுவது அதற்காகத்தான். நான் முழுதாக ஜெயிக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான்: பேய் வீட்டில் பயமுறுத்துவது இருட்டு. எதைக் காட்டாமல் விடுவது என்று தீர்மானிப்பதுதான் அங்கே விளக்கின் வேலை.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு இயற்பியல் எடுத்த முசே, வில்லை, பிம்பம் என்று வறட்டுப் பாடம் நடக்கும்போது தூங்குகிறவர்களை எழுப்ப ஒரு கதை சொல்வார். எத்தியேன் காஸ்பார் ரொபேர் என்று ஒருவர், 1763இல் லியேஜ் நகரில் பிறந்தவர். ரொபேர்ட்சோன் என்று பெயர் வைத்துக்கொண்டு, 1798இல் பாரிஸில் 'ஃபான்டாஸ்மகோரி' என்ற ஆவிக் காட்சியைத் தொடங்கினார். அடுத்த வருஷம் கப்பூச்சின் துறவிகள் இருந்த, கைவிடப்பட்ட பழைய மடத்துக்கு அதை மாற்றினார். புரட்சியின் பயங்கர ஆட்சி முடிந்து ஐந்து வருஷம்கூட ஆகாத ஊர் அது. பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் தலை போயிருக்கும், நினைத்துப் பாருங்கள்.

அவர் செய்தது என்ன? கறுப்புத் துணி தொங்கும் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, எரிந்த ஒரே விளக்கையும் அணைத்துவிடுவார். மெழுகு பூசிய மெல்லிய திரை. அதன் பின்னால் சக்கரம் வைத்த மாய விளக்கு. கண்ணாடியில் உருவத்தை வரைந்து, சுற்றியுள்ள இடம் முழுவதும் கறுப்பு அடித்துவிடுவார். அதனால் சட்டமும் தெரியாது, திரையும் தெரியாது. உருவம் அந்தரத்தில் மிதக்கும். விளக்கைப் பின்னுக்கு உருட்ட உருட்ட உருவம் பெரிதாகும். ஆவி தங்கள் மேல் பாய்கிறது என்று ஜனங்கள் அலறினார்கள். எண்ணெய் விளக்கு ஒன்றுதான், நண்பர்களே. மின்சாரம் கிடையாது.

நம் தோல்பாவைக் கூத்தும் அதே சாஸ்திரம்தான். வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஒரு விளக்கு. பாவை துணியோடு ஒட்டியிருந்தால் கோடு கோடாகத் தெளிவாகத் தெரியும். அதையே விளக்குப் பக்கம் இழுத்தால் பெரிதாகிக் கலங்கும். சின்ன வயதில் வில்லியனூர்ப் பக்கம் பார்த்தபோது, தெளிவாகத் தெரிந்த ராவணனைவிட, கலங்கிப் பெரிதான ஒரு அரக்கியைப் பார்த்துத்தான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். காதில் ஒரு கம்பி மாட்டிக்கொண்டே கேட்டான். ஒரு பரீட்சை செய்யலாம் என்றேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு சின்ன எல்இடி பல்பை நாற்காலிக்கு அடியில் தரையில் வைத்து, மாப்பிள்ளையை அதில் உட்காரச் சொன்னோம். சூரியனிலிருந்து கூடத்து விளக்கு வரை நமக்கு வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது. கீழிருந்து வந்தால் மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறுகிறது, கண் குழியாகிறது, தெரிந்த முகமே தெரியாத முகமாகிவிடுகிறது. மாப்பிள்ளை சாதுவான மனிதர், வங்கிக் கணினி வேலை. அந்த வெளிச்சத்தில் அவரைப் பார்த்து என் மகளே "ஐயோ" என்றாள். பையன்கள் நான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை.

இதற்குப் பிறகு கொஞ்சம் காது கொடுத்தார்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். நடுவில் ஒரு பிரகாசமான விளக்கு வந்தால் மறுபடி முதலிலிருந்து. வாசலில் மங்கல் சிவப்பு விளக்கு வைத்தால் பழகின கண் அதிகம் கெடாது. மங்கின ஒளியில் நீலம் எடுப்பாகவும் சிவப்பு கறுப்பாகவும் தெரியும் என்பதால் உள்ளே நிலவுக்கு நீலம். வெறும் புகை ஒன்றும் செய்யாது. புகைக்குப் பின்னால் ஒரு விளக்கு இருந்தால்தான் அது உயிர் பெறும்.

1862 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு லண்டனில் பேராசிரியர் பெப்பர் காட்டிய கண்ணாடிப் பேயையும் செய்து பார்த்தோம். கண்ணாடி வேண்டாம், உடைந்தால் ஆபத்து என்று தெளிவான அக்ரிலிக் பலகை வாங்கினார் மாப்பிள்ளை. பார்ப்பவருக்கு 45 டிகிரி சாய்வாக நிறுத்தி, பக்கத்தில் மறைவாக வெள்ளை உடையில் பேத்தியை உட்கார வைத்து, அவள் மேல் மட்டும் விளக்கை மெல்ல ஏற்றினால், எதிரே இருக்கும் காலி நாற்காலியில் அவள் வந்து உட்காருவாள். இறக்கினால் மறைந்துபோவாள். இரண்டு நாள் அந்தக் குழந்தையைத் தூங்கவிடாமல் அடித்தோம் என்பது வேறு விஷயம்.

ஸ்ட்ரோப் விளக்கில்தான் பேரன் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லா வீட்டிலும் இருக்கிறதாம். அங்கே நான் தாத்தாவாக இல்லாமல் கொஞ்சம் அதிகாரியாகப் பேசினேன். ஒளி வெட்டினால் வலிப்பு வரும் உடம்பு சிலருக்கு உண்டு. வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் வெட்டும் வெளிச்சமே அவர்களுக்கு ஆபத்துதான். 1997 டிசம்பரில் ஜப்பானில் போகிமான் கார்ட்டூன் ஒன்றில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வெட்டியதில் அறுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை. வாசலில் எச்சரிக்கைப் பலகை வைக்கிறேன் என்றான் பேரன். தனக்கு அப்படி ஒரு உடம்பு என்று தெரியாத பிள்ளை அந்தப் பலகையைப் படித்து என்ன செய்யும்?

அப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவர்கள் மாநிலத்திலேயே நடந்ததைச் சொன்னேன். 1984 மே 11, ஜாக்சன் என்ற ஊர்க் கேளிக்கைப் பூங்காவில் பேய்க் கோட்டை ஒன்று. உள்ளே ஒரு நடையில் ஸ்ட்ரோப் விளக்கு சரியாக எரியவில்லை. வழி தெரியாத ஒரு பையன் சிகரெட் லைட்டரைப் பற்ற வைத்தான் என்றும், சுவரில் ஒட்டியிருந்த நுரைப் பஞ்சில் அது பட்டுவிட்டது என்றும் விசாரணையில் வந்தது. தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. எட்டுப் பேர் செத்துப்போனார்கள். எல்லோரும் இவனைப் போலப் பதின்ம வயதுப் பிள்ளைகள்.

அவன் ஒன்றும் பேசவில்லை. போய் ஸ்ட்ரோப்பின் வயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தான்.

பிறகு மாப்பிள்ளையும் நானும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். தீ என்று எதுவும் கிடையாது. பூசணிக்காய்க்குள்ளும் பேட்டரி மெழுகுவத்திதான். வெளியே போகும் வழியில், என் முழங்காலை இடித்த அந்தப் படியருகே, தரையோடு தரையாக ஒரு பச்சை விளக்கு எப்போதும் எரியும். எல்லா வெளிச்சத்தையும் ஒரே தட்டில் போடும் சுவிட்ச் ஒரு பெரியவர் கையருகில் இருக்கும். பேயைக் கெடுக்கிறது அந்தப் பச்சை விளக்கு என்று பேரனுக்குக் குறை. கொஞ்சம் கெடுக்கத்தான் செய்தது. எழுபது வயதுக் கண்ணோடு பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் தாத்தா பாட்டிகளை எண்ணிப் பார்த்தேன். அறுபதிலேயே விழித்திரைக்கு எட்டும் ஒளி இருபது வயதில் எட்டியதில் சுமாராக மூன்றில் ஒரு பங்குதான். கெடட்டும் என்றேன்.

நான் தோற்ற இடம் ஒன்று உண்டு. ஆள் வந்தால் கூச்சல் போடும் எலும்புக்கூட்டையும் புற ஊதா விளக்கையும் எடுக்கச் சொன்னேன், கேட்கவில்லை. ஹாலோவீன் இரவு பிள்ளைகள் அதிக நேரம் நின்றது அங்கேதான். தங்கள் ஷூ லேஸும் பல்லும் சட்டையும் ஜொலிப்பதைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு. சட்டையில் அப்படி ஒளிர்வது சோப்புத் தூளில் இருக்கும் வெண்மையூட்டிதான். அந்தக் காலத்தில் வேட்டிக்கு டினோபால் போடுவோமே, அதே சங்கதி. அன்றைக்கு இந்த விளக்கு இருந்திருந்தால் நம் அலுவலகத்தில் பாதிப் பேர் பேயாகத்தான் தெரிந்திருப்போம்.

போன வாரம் பேரன் போன் செய்தான். இந்த வருஷம் ரொபேர்ட்சோன் திரை வேண்டுமாம். மெழுகை எப்படித் துணியில் பூசுவது என்று கேட்டான். மெழுகு வேண்டாம், தீப்பிடிக்கும், டிரேசிங் தாளே போதும், ப்ரொஜெக்டரைப் பின்னால் தள்ளுவண்டியில் வை என்றேன். கராஜின் அகலத்தை அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பச்சை விளக்கு இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு தாத்தா, இருக்கு" என்றான், அலுத்துக்கொண்டே.