தொழிற்சாலை வந்தால் மட்டும் போதுமா?

ஜெலுத்தோங் வழியாகப் பாயான் லெப்பாசுக்குச் செல்லும் கடலோர விரைவுச்சாலைக்குத் துன் டாக்டர் லிம் சோங் இயூவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள வரலாற்றை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். தொழில்வளம் தேடும் ஆப்பிரிக்க நாடுகளுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. நமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது.

1969இல் பினாங்கு தனது தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வாணிபம் சரிந்தது, வேலையின்மை பெருகியது. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் இயூவின் ஆட்சியில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. 1972இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் உருவானது. இண்டல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி போன்ற நிறுவனங்கள் வந்தன. நம்மில் பலருடைய அம்மாக்களும் பெரியம்மாக்களும் அந்தத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர்கள்தாம்.

அந்நிறுவனங்களை வரவழைத்தவை குறைந்த சம்பளமும் வரிச்சலுகையும். ஆனால், அவற்றைத் தங்க வைத்தது திறன். 1989இல் மாநில அரசு, தொழில் நிறுவனங்கள், கல்விக்கூடங்கள் ஆகியவை சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. சந்தையில் போட்டியிட்ட நிறுவனங்களே அங்கு ஒரே கூரையின்கீழ் தங்கள் ஊழியர்களைப் பயிற்றுவித்தன. வேலை கற்ற உள்ளூர்க்காரர்கள் சொந்தத் தொழிலும் தொடங்கினர். இண்டலில் பணியாற்றியவர்கள் தொடங்கிய குளோப்டிரானிக்ஸ் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இன்று உலக அளவில் சிப்களைப் பொதிந்து சோதிக்கும் பணியில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அதில் பினாங்கின் பங்கு பெரியது.

ஆப்பிரிக்காவுக்கு வருவோம். எத்தியோப்பியா 2016இல் ஹவாசா தொழிற்பூங்காவைத் திறந்தது. குறைந்த கூலி, அமெரிக்காவுக்கு வரியின்றி ஆடை அனுப்பும் சலுகை ஆகிய இரண்டையும் நம்பி நிறுவனங்கள் வந்தன. உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி, 2022 தொடக்கத்தில் அமெரிக்கா அச்சலுகையை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவர்களின் உழைப்பில் குறையில்லை. அவர்களின் பிழைப்பு மட்டும் பிறர் தரும் சலுகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மொரோக்கோ வேறு வழியில் சென்றது. 2012இல் தஞ்சியரில் ரெனோ கார் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது, கார் தொழிலுக்கென்றே ஒரு பயிற்சிக் கழகமும் அங்கே தயாராக இருந்தது. உதிரிபாக நிறுவனங்களும் பெருகின. இன்று அந்நாடு ஐரோப்பாவுக்குக் கார்களை ஏற்றுமதி செய்கிறது. பினாங்கில் கண்ட அதே பாடம்தான் அங்கும்.

இதில் நமக்கு என்ன எச்சரிக்கை? குறைந்த கூலிக்கு வேலை செய்ய உலகில் இன்னோர் ஊர் எப்போதும் இருக்கும். இயந்திரங்களும் இருக்கின்றன. நம் அம்மாக்கள் செய்த வேலை அதே உருவில் நமக்காகக் காத்திருக்காது. 2024இல் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்க இலக்கு வைத்துள்ளது. அவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

எஸ்.பி.எம். முடித்ததும் குடும்பச் சூழலால் தொழிற்சாலை வேலைக்குச் செல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் சம்பளம் வீட்டுக்கு அவசியமாக இருக்கலாம். ஆனால், அந்த வேலையிலேயே நின்றுவிட வேண்டியதில்லை. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளைக் கொண்டது. அதைத் தாண்டி டிப்ளோமாவுக்கும் வழி உண்டு. மனிதவள மேம்பாட்டு நிதிக்குப் பதிந்துள்ள முதலாளிகள், ஊழியர் பயிற்சிக்காகவே சம்பளத் தொகையில் ஒரு விழுக்காட்டைச் செலுத்துகின்றனர். அந்தப் பயிற்சியைக் கேட்பதில் தவறில்லை. திவெட் கல்வியைப் படிப்பு ஏறாதவர்களின் புகலிடமாகப் பார்க்கும் பெற்றோரும் அந்தப் பார்வையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆகவே, நேர்முகத் தேர்வில் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். அதோடு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் இங்கே எதைக் கற்றுக்கொள்ளலாம் என்றும் கேளுங்கள். தொழிற்சாலை நாளை இடம் மாறினாலும், கற்ற தொழில் உங்களோடுதான் வரும்.